துப்பாக்கி ஓய்ந்த பிறகு சியாச்சினில் என்ன வேலை?

2024 பிப்ரவரி 6 | வாசகர் கேள்வி

இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் எதிரெதிரே நிற்கும் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகு இரு தரப்பிலும் துப்பாக்கிச் சூடு நின்றுவிட்டது. அதன் பின்னர் அங்கே உயிரிழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பனிச்சரிவிலோ நோயிலோ இறந்தவர்களே. எதிரி சுடாத இடத்தில் பனிக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் போர்ப்பணி என்று எப்படிச் சொல்வது? மலையேறுகிறவர்களின் சாகசத்திலிருந்து இது எந்த வகையில் வேறுபட்டது? யார் மனத்தையும் புண்படுத்தக் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்கள் விளக்கினால் தெரிந்துகொள்வேன்.

பிப்ரவரி 7, காலை

அங்கே இருந்தவன் எழுதுகிறேன். 2006ஆம் ஆண்டின் கடைசியில் வடக்குப் பகுதியில் ஒரு போஸ்ட்டுக்கு (காவல் நிலைக்கு) ஏறி, கடுங்குளிர்காலத்தை அங்கேயே கழித்துவிட்டு இறங்கியவன் நான். போஸ்ட்டின் பெயரும் என் படைப்பிரிவின் பெயரும் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை என்பதால் எழுதவில்லை. நீங்கள் சொன்னது உண்மைதான். நான் இருந்த காலத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தோட்டாகூட வரவில்லை, நாங்களும் சுடவில்லை. ஆனாலும் என் பணிக்காலம் முழுவதிலும் உடலும் மனமும் அதிகமாக உழைத்த இடம் அதுதான்.

மலையேறுகிறவர் தமக்கு ஏற்ற பருவத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வானிலை கெடும் என்று தெரிந்தால் கீழ்முகாமிலேயே காத்திருக்கிறார். மேலே போன பிறகு கெட்டால் இறங்கிவிடுகிறார். உச்சியில் அவர் நிற்பது சில நிமிடங்கள். சிப்பாய்க்கு ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். அவன் இறங்கினால் போஸ்ட் காலியாகும். காலியான இடத்தில் யார் முதலில் ஏறுகிறார்கள் என்பதை வைத்துத்தான் 1984 ஏப்ரலில் அந்தப் பிரச்சினையே தொடங்கியது. மேலே இருப்பவனைக் கீழிருந்து ஏறி அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1987 ஜூனில் நம் படையின் பானா சிங்கும் அவருடைய தோழர்களும் செங்குத்தான பனிச்சுவரில் ஏறிப் பாகிஸ்தானிடமிருந்து கைப்பற்றிய, 21,000 அடிக்கு மேலுள்ள அந்த ஒரு போஸ்ட் போதிய சான்று. இன்றும் அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, இருப்பதே அங்கே வேலை. நீங்கள் ‘உட்கார்ந்திருப்பது’ என்று எழுதியிருந்தீர்கள். உட்கார நேரமில்லாத இருப்பு அது.

பனிப்புயல் தொடங்கினால் முதல் வேலை பெல்ச்சாவைக் கையில் எடுப்பது. படையில் அகன்ற வாரிக்கு அதுதான் பெயர். நாங்கள் தங்கியிருந்த பைபர் குடிலின் கதவு உள்பக்கமாகத் திறப்பது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்தால், பனி முட்டிய பிறகு யாரும் வெளியே வர முடியாது. இரவில் காவல் மாறும்போதெல்லாம் இறங்கி வருபவர் அடுத்தவரை எழுப்புவதற்கு முன், கதவுக்கு முன்னால் குவிந்ததை வாரித் தள்ளிவிட்டு, கூரைமேல் ஏறிப் புகைக்குழாயின் வாயைச் சுத்தம் செய்துவிட்டே உள்ளே வர வேண்டும். அந்தக் குழாய் அடைபட்டால் உள்ளே எரியும் மண்ணெண்ணெய் அடுப்பின் நச்சுவாயு, மணமும் நிறமும் இல்லாமல், தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். வாரித் தள்ளிய இடம் அடுத்தவர் வெளியே வருவதற்குள் மீண்டும் மூடிவிடும். கீழே சமவெளியில் ஒரு மணி நேரம் வாரக்கூடிய இளைஞன் அங்கே பத்துப் பன்னிரண்டு வாரு வாரியதும் பெல்ச்சாவின் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவான். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான்.

எங்களுக்கு எதிரி வானிலை. அதனோடு போரிட்டோம் என்றே சொல்வேன்.

பிப்ரவரி 7, இரவு

இன்னொன்று விட்டுப்போயிற்று. காவலுக்கு நிற்பவர் புயலிலும் நின்றாக வேண்டும். கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியாத வெண்மையில் எதைப் பார்க்கிறோம் என்று நானும் தொடக்கத்தில் நினைத்ததுண்டு. எங்கள் சுபேதார் சாப் சொன்ன காரணம், பார்ப்பதற்காக மட்டும் காவல் இல்லை, உள்ளே தூங்குகிறவர்களின் குடில் புதையாமல் பார்த்துக்கொள்ள விழித்த கண் ஒன்று வேண்டும் என்பதுதான். குடிலிலிருந்து காவலிடத்துக்கும், காவலிடத்திலிருந்து கழிப்பிடத்துக்கும் கயிறு கட்டியிருப்போம். அந்தக் கயிற்றை இடுப்புக் கொக்கியில் மாட்டாமல் யாரும் வெளியே காலடி வைக்கக் கூடாது. சில அடி தூரத்தில் இருக்கும் குடிலைத் தவறவிட்டு மறுபக்கச் சரிவில் இறங்கிவிட அந்த வெண்மையில் ஒரு நொடி போதும்.

பிப்ரவரி 8

கேள்விகள் பல வந்திருப்பதால் இரண்டுக்கு மட்டும் இப்போது விடை எழுதுகிறேன்.

முதலாவது, பனியாற்றின் மேலேயே எல்லா வீரர்களும் தங்கியிருப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். சியாச்சின் பனியாறு சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் முகத்திலிருந்துதான் நுப்ரா ஆறு பிறக்கிறது. பேஸ் கேம்ப் அந்த முகத்துக்கு அருகில் ஏறத்தாழ 12,000 அடியில் இருக்கிறது. பனியாற்றின்மேல் இடைமுகாம்கள் உண்டு. ஆனால் நாம் காக்கும் முன்னணிப் போஸ்ட்டுகள் பனியாற்றுக்கு மேற்கே ஓடும் சால்டோரோ மலைமுகட்டில், சியா லா, பிலாஃபோண்ட் லா போன்ற கணவாய்களை ஒட்டி, பெரும்பாலும் 18,000 அடிக்கு மேல் இருக்கின்றன. மைதானம் போன்ற பரப்பில் முகாமிடுவதும், இருபுறமும் சரியும் கத்திமுனை போன்ற முகட்டில் குடிலை நிறுத்துவதும் ஒன்றல்ல.

இரண்டாவது, வெப்பநிலை. மைனஸ் 50, மைனஸ் 60 என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த எண்கள் உண்மைதான் என்றாலும், அங்கே இருந்தவர்கள் அஞ்சுவது எண்ணைவிடக் காற்றைத்தான். மைனஸ் 30இல் காற்றில்லாத பகலில் வெயிலில் நின்று தேநீர் குடித்திருக்கிறோம். அதே மைனஸ் 30இல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 50க்குச் சமம். சில நிமிடங்களில் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி தோன்றும். அது பனிக்கடியின் தொடக்கம். தன் கன்னத்தைத் தானே பார்க்க முடியாது, உணர்ச்சியும் இருக்காது. அதனால் இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் முகத்தை மற்றவர் அவ்வப்போது பார்ப்பதை விதியாக வைத்திருந்தார்கள். ‘கன்னம் காட்டு’ என்று என் ஜோடி, தஞ்சாவூர்க்காரர், என்னிடம் சொல்லாத மணி நேரமில்லை. அவர் ஊரில் அவருடைய மனைவியைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

கால் இன்னும் கடினம். வியர்த்த காலுறை உறைந்தால் விரல் போய்விடும் என்பதால், காவல் முடிந்து வந்ததும் காலுறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். நாயக் ஒருவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஈரமான காலுறையைச் சட்டைக்குள் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு உலர்த்துவோம். வெறும் கையால் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலோடுதான் வரும்.

பிப்ரவரி 11

இன்று லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் மறைந்த நாள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் போஸ்ட்டில் 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 10 பேர் பனியில் புதைந்தார்கள். அவர்களில் 4 பேர் நம் ஊர்க்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். புதையுண்ட குடிலைத் தேடி, பாறைபோல் இறுகிய பனியைத் துளைப்பான்களாலும் மின்ரம்பங்களாலும் வெட்டி, மோப்ப நாய்களையும் தரையை ஊடுருவும் ரேடாரையும் கொண்டு தேடினார்கள். ஆறு நாட்களுக்குப் பிறகு, 25 அடிக்கும் கீழே, தார்வாட் மாவட்டத்து ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். தில்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவர் உயிர் பிரிந்தது.

அந்தச் செய்தி வந்த வாரம், நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டிருந்தேன். தொலைக்காட்சியில் எல்லோரும் ‘அதிசயம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு மனத்தில் ஓடியதெல்லாம் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான். அந்த உயரத்தில், பிப்ரவரி மாதத்தில், இரவும் பகலும் பனியை வெட்டுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பனிச்சரிவில் புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்; அரை மணி நேரம் தாண்டினால் அது வேகமாகச் சரிந்துவிடும். இது பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது. அவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஆறாவது நாளிலும் ஒருவரும் வாரியைக் கீழே வைக்கவில்லை.

முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டாமா என்று ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். அவருடைய கோபம் நியாயமானது. பனிச்சரிவு முன்னறிவிப்பு நம்மிடம் உண்டு. எங்கள் காலத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், பெய்த பனியின் அளவு, காற்று, வெப்பநிலை, சரிவின் கோணம் ஆகியவற்றைக் கொண்டு நாள்தோறும் எச்சரிக்கை அனுப்பியது. நாங்களும் அதைக் கேட்டே நடமாட்டத்தை முடிவு செய்தோம். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவில் புதுப்பனி ஏறினால் அங்கே கால் வைப்பதில்லை. இரவில் பனி இறுகியிருக்கும் என்பதால் விடியுமுன் நடந்து, வெயில் சரிவில் விழுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் சோனத்தில் விழுந்தது புதிதாகப் பெய்த தளர்பனி அல்ல. மேலிருந்த உறைபனிச் சுவரே உடைந்து விழுந்தது. பெய்யும் பனியைக் கணிப்பதைவிட, ஆண்டுக்கணக்கில் நிற்கும் பனிச்சுவர் எந்த நாளில் உடையும் என்று சொல்வது பல மடங்கு கடினம்.

எல்லையின் மறுபக்கத்திலும் இதே கதைதான். 2012 ஏப்ரல் 7 அன்று கயாரி முகாம்மேல் விழுந்த பனிச்சரிவில் பாகிஸ்தான் ராணுவத்தினரும் அங்கே பணி செய்த பொதுமக்களுமாக 140 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது, சியாச்சினில் பணி செய்திருந்த எங்களில் ஒருவருக்கும் மகிழ்ச்சி வரவில்லை.

பிப்ரவரி 16

‘நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள், புள்ளிவிவரம் இணையத்தில் கிடைக்கும்’ என்று தூத்துக்குடித் தம்பி கேட்டிருக்கிறார். சரி, எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒரு நீண்ட புயல். ஹெலிகாப்டர் வந்து பல நாட்கள் ஆகியிருந்தன. எங்களில் வயதில் மிக இளையவனான ஒரு சிப்பாய்க்கு மாலையில் வறட்டு இருமல் தொடங்கியது. அந்த உயரத்தில் இருமல் யாருக்கும் புதிதல்ல. ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். இரவு உணவுக்குப் பிறகு அவனுடைய உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்திருந்தன. நர்சிங் அசிஸ்டன்ட் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னையும் கேட்கச் சொன்னார். காதருகே தலைமுடியை இரு விரலால் தேய்த்தால் வரும் நொறுநொறுவென்ற ஓசை, மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டது. ஹாப்போ. உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். அதற்கு உள்ள உண்மையான மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறக்குவது. வெளியே கயிற்றைப் பிடித்துக்கூட நிற்க முடியாத காற்று. இறக்க வழியில்லை.

வானொலியில் கீழேயிருந்த மருத்துவ அதிகாரி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். மாத்திரை கொடுத்தோம். ஆக்சிஜன் வைத்தோம், சிலிண்டர் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதையும் கணக்கிட்டோம். பிறகு ஹாப்போ பையை விரித்தோம். அது ஓர் ஆள் படுக்கும் நீளமுள்ள, காற்று வெளியேறாத தடித்த துணிப்பை. நோயாளியை உள்ளே படுக்க வைத்து, நீண்ட ஜிப்பை மூடி, வெளியிலிருந்து காலால் மிதிக்கும் பம்பு மூலம் காற்றடித்தால் உள்ளே அழுத்தம் கூடும். சுமார் 2,000 மீட்டர் கீழே இறங்கிவிட்டது போன்ற நிலையை உடல் உணரும். ஆனால் மிதிப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அழுத்தம் குறைவது மட்டுமல்ல, அவன் வெளிவிடும் மூச்சே உள்ளே தேங்கி அவனுக்கு நஞ்சாகும். பையில் முகத்துக்கு நேராக ஒரு சிறிய கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன் வழியாக டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும்.

ஒருவர் மிதித்துக் களைத்ததும் அடுத்தவர். மூச்சிரைக்கும் இடத்தில், இன்னொருவனுக்காக மூச்சு மிதிப்பது என்றே எனக்குத் தோன்றியது. மிதிக்காதவர்கள் ஓய்வெடுத்ததாக நினைக்க வேண்டாம். அவர்கள் வெளியே சென்று கூரையையும் குழாயையும் கதவையும் வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த இரவில் குடில் புதைந்திருந்தால் பைக்குள் இருந்தவனும் வெளியே இருந்தவர்களும் சேர்ந்தே போயிருப்போம். சன்னலில் ஈரம் படிந்து உறையும். உள்ளேயிருந்து அவன் விரலால் அதைச் சுரண்டித் துடைப்பான். துடைத்தால் உணர்வோடு இருக்கிறான் என்று பொருள். நள்ளிரவுக்குப் பின் ஒரு கட்டத்தில் அவன் துடைக்கவில்லை. தஞ்சாவூர்க்காரர் பையின்மேல் முகத்தை வைத்து, ‘டேய் தம்பி, கண்ணாடியைத் துடைடா’ என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. சற்று நேரம் கழித்து விரல் வந்தது.

விடிந்தபோது காற்று சற்றே தணிந்தது. மேகத்தில் ஓர் இடைவெளி விழுந்ததும் கீழேயிருந்து சீட்டா ஹெலிகாப்டர் கிளம்பியது என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் ஹெலிபேட் பெரிய அறை அளவுக்கு மட்டுமே இருக்கும். இரவெல்லாம் அதன் மேல் விழுந்ததை எல்லோரும் சேர்ந்து மிதித்து இறுக்கினோம். தளர்பனியாக இருந்தால் இறக்கை கிளப்பும் பனித்தூளில் விமானியின் கண் மறைந்துவிடும். அங்கே எஞ்சினை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்தக் குளிரிலும் மெல்லிய காற்றிலும் மீண்டும் கிளப்புவது நிச்சயமில்லை. சுழலும் இறக்கைக்குக் கீழே குனிந்து ஓடி அவனை ஏற்றினோம். தரையில் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது.

பிப்ரவரி 17

பலரும் கேட்டதால்: அவன் பிழைத்தான். நுப்ரா பள்ளத்தாக்கிலுள்ள ராணுவ மருத்துவமனையில் இறக்கியதும், உயரம் குறைந்ததாலேயே பாதி தேறிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆனால் அவன் மீண்டும் மேலே அனுப்பப்படவில்லை. ஒருமுறை ஹாப்போ வந்த உடலை அந்த உயரம் மறுபடியும் தேடி வரும். இப்போது அவனுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த நோயை உலகுக்கு விளக்கியதில் நம் ராணுவ மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1962 போரில், உயரத்துக்குப் பழக நேரமில்லாமல் சமவெளியிலிருந்து நேராக இமயமலைக்கு ஏற்றப்பட்ட வீரர்கள் பெருமளவில் நோயுற்றதைக் கண்ட பிறகு, அவர்கள் நடத்திய ஆய்வுகள் உலகெங்கும் பாடமாயின. இன்று மேலே செல்கிறவரை 9,000 அடிக்கு மேல் முதல் கட்டத்தில் 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் மீண்டும் 4 நாள் என்று படிப்படியாகப் பழக்குவது அந்தப் பாடத்தின் விளைவு. அப்படிப் பழகியும் சிலருக்கு வரும். பலசாலிக்கு வராது என்ற எண்ணம் தவறு. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருபவனுக்கும் வரும்.

மார்ச் 3

முதல் குறிப்பில் ‘எங்களுக்கு எதிரி வானிலை’ என்று எழுதியிருந்தேன். சில நாட்களாக அந்த வரியைப் பற்றி யோசிக்கிறேன். படையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிப் பழகியதால் எனக்கும் இயல்பாக வந்தது. ஆனால் எதிரிக்கு நோக்கம் உண்டு. அவன் ஏமாற்றுவான், களைப்பான், பேச்சுவார்த்தைக்கும் வருவான். பனிக்கு நம்மீது பகையில்லை. அதற்கு நாம் இருப்பதே தெரியாது. அதை வெல்வதாக நினைத்தவர்களைத்தான் அங்கே சுபேதார் சாப் அதிகம் கண்டித்தார். ‘பயம் இல்லாதவனை என் கயிற்றில் கட்டாதே’ என்பார். பனிப்பிளவுகள் உள்ள பாதையில் ஒரே கயிற்றில் பலர் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டு நடப்போம். முன்னால் போகிறவர் கோலால் குத்திப் பார்த்தே அடியெடுத்து வைப்பார். ஒருவர் பிளவில் விழுந்தால் மற்றவர்கள் பனிக்கோடாலியை ஊன்றிக் கீழே விழுந்து தாங்க வேண்டும். அந்தக் கயிற்றில் வீரம் காட்டுகிறவன் ஒருவன் இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்களுடைய வேலை போரிடுவது என்பதைவிடக் கீழ்ப்படிவது என்று சொன்னால் பொருந்தும் என்று இப்போது நினைக்கிறேன். நாள்தோறும் அதே விதிகளுக்கு, சலிக்காமல், யாரும் பார்க்காத இரவிலும் கீழ்ப்படிவது. பசி இல்லாதபோதும் உண்பது; தாகம் இல்லாதபோதும் குடிப்பது. அங்கே பசியும் தூக்கமும் போய்விடும். தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியை வெட்டி வந்து மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும்; அடுப்புக் கரி படிந்து அதில் எப்போதும் ஒரு மண்ணெண்ணெய் வாடை இருக்கும். 18,000 அடியில் தண்ணீர் ஏறத்தாழ 82 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. குக்கரின் ரப்பர் வளையம் ஒருமுறை குளிரில் விறைத்து வெடித்துவிட்டது. ஹெலிகாப்டர் புது வளையம் கொண்டுவரும் வரை, சோற்றுக்குப் பழகிய எங்கள் லங்கர் (படைச் சமையற்கூடம்) எவ்வளவு துயரப்பட்டது என்பதைத் தென்னாட்டுக்காரர்கள் புரிந்துகொள்வீர்கள். டப்பாவில் வந்த அன்னாசிப்பழத்தை இன்றுவரை நான் வாயில் வைப்பதில்லை. அவ்வளவு உண்டிருக்கிறோம்.

தெய்வ நம்பிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேஸ் கேம்ப்பில் ஓ.பி. பாபாவின் கோயில் இருக்கிறது. பனியாற்றில் தனியாகப் போஸ்ட்டைக் காத்து மறைந்த ஒரு சிப்பாய் என்பது அவரைப் பற்றிய நம்பிக்கை. மேலே செல்லும் ஒவ்வோர் அணியும் அவர் முன்னால் வரிசையாக நின்று, அதிகாரியிடம் சொல்வது போலவே, இத்தனை பேர் ஏறுகிறோம் என்று ரிப்போர்ட் செய்யும். இறங்கியதும் இத்தனை பேர் வந்தோம் என்று சொல்லும். எந்த மதத்தவரும் அதில் விலக்கில்லை. ஏறும்போது சொன்ன எண்ணும் இறங்கும்போது சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அங்கே எல்லோருடைய பிரார்த்தனையும்.

மார்ச் 5

நெருப்பைப் பற்றி எழுதவில்லையே என்று விமானப்படையில் இருந்த அண்ணன் நினைவூட்டியிருக்கிறார். உண்மைதான். சுற்றிலும் பனி இருக்கும் இடத்தில் தீவிபத்து என்றால் வெளியாருக்கு நம்பிக்கை வராது. பைபர் குடில், மண்ணெண்ணெய், உறங்கும் பைகள், உலர்ந்த காற்று என்று எல்லாமே எரியக்கூடியவை. அணைக்க ஒரு வாளித் தண்ணீர்கூட உருக்காமல் கிடைக்காது. 2023 ஜூலையில் ராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்த கேப்டன் அன்ஷுமான் சிங், எரிந்துகொண்டிருந்த குடிலில் இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு உயிர்காக்கும் மருந்துகளை எடுக்க முனைந்தபோது இறந்தார். அவருக்குக் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது.

சுமைதூக்கிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நுப்ரா பள்ளத்தாக்கின் லடாக்கி, பால்ட்டி இளைஞர்கள் எங்களுக்கு முன்னால் நடந்து பாதை போட்டவர்கள். 2019 நவம்பர் 18 அன்று வடக்குப் பகுதியில் பனிச்சரிவில் இறந்த 6 பேரில் 2 பேர் சுமைதூக்கிகள். சீருடை இல்லாததால் அவர்கள் பெயர் நம் ஊர்ச் செய்திகளில் வருவதே இல்லை.

ஏப்ரல் 13

நம் படை சியாச்சினில் ஏறிய ஆபரேஷன் மேக்தூத் தொடங்கி இன்றோடு 40 ஆண்டுகள். 1984 ஏப்ரல் 13 அன்று குமாவோன் படைப்பிரிவின் வீரர்களை ஹெலிகாப்டர்கள் பிலாஃபோண்ட் லாவில் இறக்கின. இறக்கிய பிறகு கடும் பனிப்புயல் சூழ்ந்துகொண்டது. முதல் இழப்புகள் குளிராலும் உயரத்தாலும்தான் ஏற்பட்டன. ஆகவே 2003க்குப் பிறகுதான் அங்கே சாவுக்கு வானிலை காரணமாயிற்று என்பது சரியல்ல. முதல் நாளிலிருந்தே அப்படித்தான். 1984 முதல் 869 வீரர்கள் அங்கே உயிரிழந்திருப்பதாக 2015 டிசம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

அதே 1984 மே மாதத்தில் பனிச்சரிவில் சிக்கிய குமாவோன் ரோந்து அணியில் ஒருவர் லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலா. அவருடைய எஞ்சிய உடல் 38 ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில் கண்டெடுக்கப்பட்டது. கழுத்தில் அணியும் உலோகத் தகட்டில் பொறித்திருந்த படை எண்தான் அவரை அடையாளம் காட்டியது. அந்தத் தகட்டை நாங்கள் எல்லோரும் அணிந்திருந்தோம். குளிரில் மார்பில் படும்போது சுடுவது போல் இருக்கும் என்று சிலர் துணியில் சுற்றிக்கொள்வார்கள்.

முதலில் கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் இறுதியாக எழுதிய பின்னூட்டத்தில், வானிலையால் இறந்தவர்களின் சாவும் வீரமரணம்தான் என்று ஒப்புக்கொள்வதாகவும், ஆனால் இரு நாடுகளும் இறங்கிவிட்டால் நல்லது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைப் பற்றி அரசுகள் முடிவு செய்யட்டும். இரு தரப்பும் நம்பும்படியான ஏற்பாடு ஒன்று வந்து, ஒருவரும் அங்கே ஏற வேண்டியதில்லை என்றாகுமானால் முதலில் மகிழ்கிறவன் நானாகத்தான் இருப்பேன். அதுவரை மேலே ஒருவன் இருந்தாக வேண்டும். அவனை அங்கே அனுப்பியது நாம் என்பதால், அவன் குண்டடி பட்டு இறந்தானா, பனியில் இறந்தானா என்று தரம் பிரிக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஏப்ரல் 21

மகன் இந்த ஆண்டு மேலே செல்லவிருப்பதாக எழுதிய சிவகங்கை அக்காவுக்கு:

கம்பளி, மருந்து என்று எதையும் வாங்கி அனுப்ப வேண்டாம். நல்ல உடைகளும் காலணிகளும் அங்கே கொடுப்பார்கள். நீங்கள் அனுப்புவது அந்தக் குளிருக்குப் போதாது. மேலே இருக்கும்போது பல நாட்கள் பேச்சே இல்லாமல் போகும். அது பெரும்பாலும் வானிலையால்தான். அதற்குள் கெட்டதை நினைத்துக்கொள்ளாதீர்கள். ‘கேர் ஆஃப் 56 ஏபிஓ’ என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்குக் கடிதம் எழுதுங்கள். தாமதமாகப் போனாலும் போய்ச் சேரும். ஒரே நாளில் பத்துக் கடிதம் வந்து சேர்ந்தால் தேதி வாரியாக அடுக்கி ஒன்றொன்றாகப் படிப்போம்.

அவன் கிளம்புவதற்கு முன் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள். பழகும் நாட்களில் தலைவலியோ வாந்தியோ விடாத இருமலோ வந்தால், தோழர்கள் என்ன நினைப்பார்களோ என்று மறைக்கக் கூடாது. உடனே நர்சிங் அசிஸ்டன்ட்டிடம் சொல்ல வேண்டும். எங்கள் போஸ்ட்டில் அந்த இளையவன் மதியமே மூச்சுத் திணறலை உணர்ந்திருக்கிறான். சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று மாலை வரை சொல்லாமல் இருந்திருக்கிறான். இதை அவனே பிறகு என்னிடம் சொன்னான். உங்கள் மகனிடம் இதை அப்படியே சொல்லுங்கள். என்னிடம் நேரில் பேச விரும்பினால் நான் பேசுகிறேன்.